ஜி.டி.நாயுடுவின் 2,000 ரூபாய் கார் ஏன் ரோட்டுக்கு வரவே இல்லை?

1952ஆம் ஆண்டு. கோவையில் பெட்ரோலில் ஓடும் ஒரு குட்டி கார் தயாராகிறது. இரண்டு பேர் உட்காரலாம். விலை 2,000 ரூபாய். செய்தவர் ஜி.டி.நாயுடு. ஆனா அந்தக் கார் ஷோரூமைப் பார்க்கல. அதைத் தயாரித்து விற்பதற்கான உரிமத்தைத் தர அரசு மறுத்துவிட்டது. தயாரிப்பு அதோடு நின்றது.

நாயுடுவின் பெயர் இப்போது மறுபடியும் பேசப்படுகிறது. கோவை அவினாசி சாலையில் கட்டப்பட்ட 10.1 கி.மீ. மேம்பாலத்துக்கு 2025 அக்டோபரில் அவர் பெயர் வைக்கப்பட்டது. அவரைப் பற்றிய ரீல்ஸ்களில் மின்சார ஷேவர், மெல்லிய பிளேடு, ஓட்டுப்பதிவு எந்திரம் என்று ஒரு நீளமான லிஸ்ட் ஓடும். கார் பற்றி ஒரே ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்குப் பின்னால்தான் அவருடைய முழு வாழ்க்கையும் இருக்கிறது. அம்பத்தூர், பாடி, ஆவடி பக்கம் லேத் பட்டறைச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது ரொம்பவே நெருக்கமான கதை.

படிப்பு: ஒரு மோட்டார் சைக்கிள்

கோபாலசாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவைக்குப் பக்கத்தில் உள்ள கலங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஆரம்பப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. எஞ்சினீயரிங் டிகிரி கிடையாது. டிப்ளமோவும் கிடையாது.

அவருக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தது ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிள். ஓர் ஆங்கிலேய அதிகாரி ஓட்டி வந்த அந்த இங்கிலாந்து வண்டியைப் பார்த்ததும், எப்படியாவது அதை வாங்கிவிட வேண்டும் என்று நாயுடுவுக்குத் தோன்றியது. கையில் காசில்லை. கோவைக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளத்தைச் சேர்த்து வைத்து, அதே வண்டியை விலைக்கு வாங்கினார்.

வாங்கியவர் முதலில் செய்த காரியம், வண்டியை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றியதுதான். திரும்பவும் மாட்டினார். இன்றைக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. யூடியூபைத் திறந்தால் எந்த வண்டிக்கும் வீடியோ இருக்கிறது. 1910களில் கோவையில் அப்படி எதுவும் இல்லை. எந்த நட்டு எதைப் பிடித்திருக்கிறது, எந்த ஸ்பிரிங் எதைத் தள்ளுகிறது என்பதைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு நேராக எந்திரத் தொழிலுக்குள் போய்விடவில்லை. பருத்தித் தொழிலில் இறங்கினார், சம்பாதித்தார். பம்பாய்க்குப் போய் பருத்தி வியாபாரத்தில் அதை இழந்தார். கோவைக்குத் திரும்பும்போது மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டிய நிலை.

ஒரு பஸ் பட்டறையை உருவாக்கியது எப்படி?

1920இல் அவருக்கு அடுத்த வாய்ப்பு வந்தது. கோவையில் தொழில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியுடன் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே அதை ஓட்டினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் யூ.எம்.எஸ். என்று ஊரே அழைத்த யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ். சில ஆண்டுகளிலேயே அது பெரிய பஸ் நிறுவனமாகிவிட்டது.

அந்தக் காலத்து பஸ் தொழிலை இன்றைய பஸ் தொழிலோடு ஒப்பிடக் கூடாது. எஞ்சினும் சேஸியும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும். அதன் மேல் பாடியை இங்கே கட்டுவார்கள். வழியில் ஒரு பார்ட் உடைந்தால், அதற்கான ஸ்பேரும் கப்பலில்தான் வர வேண்டும். அதுவரை பஸ் ஷெட்டில் நிற்கும். நிற்கிற பஸ்ஸுக்கு வருமானம் கிடையாது.

அதனால் பஸ் முதலாளிக்கு இரண்டே வழி. கப்பலுக்காகக் காத்திருக்கலாம், இல்லையென்றால் அந்தப் பார்ட்டை இங்கேயே செய்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் பல ஊர்களில் மோட்டார் பட்டறைகள் வளர்ந்த காரணம் இதுதான்.

ஒரு பார்ட்டைக் கையால் செய்வது என்றால் என்ன?

இது வெறும் சுத்தியல் வேலை இல்லை. உதாரணமாக, தேய்ந்துபோன ஒரு புஷ்ஷை எடுத்துக்கொள்ளுங்கள். சுழலும் தண்டு உரசாமல் இருக்க, அதைச் சுற்றி இருக்கும் உலோக வளையம்தான் புஷ். பழைய புஷ்ஷை அளந்து அப்படியே புதுசு செய்ய முடியாது. ஏனென்றால் அது ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. தண்டை அளக்க வேண்டும். பிறகு பித்தளையையோ வெண்கலத்தையோ லேத்தில் மாட்டிக் கடைய வேண்டும். தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே எண்ணெய் நிற்க இடைவெளி விட வேண்டும். அது பெரும்பாலும் ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான். குறைந்தால் தண்டு இறுகிப் பிடித்துக்கொள்ளும். கூடினால் கடகடவென்று ஆடும்.

வார்ப்பு வேலை இன்னொரு கலை. முதலில் மரத்தில் பேட்டர்ன் செய்வார்கள். அதை மணலில் அழுத்தி அச்சு எடுத்து, உருகிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது நூற்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். அதனால் மரப் பேட்டர்னை அந்த அளவுக்குப் பெரிதாகவே செய்ய வேண்டும். இது தெரியாதவர் செய்தால் பார்ட் பார்க்க அழகாக இருக்கும், ஆனா வண்டியில் பொருந்தாது.

கியர் என்றால் பல் வெட்டினால் மட்டும் போதாது. பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, பிறகு மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். பதம் கூடினால் பல் நொறுங்கும், குறைந்தால் தேயும். கதவு, மட்கார்டு போன்றவற்றுக்குத் தகடைத் தட்டித் தட்டி வளைக்க வேண்டும். இன்றைக்கும் டிங்கர் வேலை என்று நாம் சொல்வது அதன் தொடர்ச்சிதான்.

ஒரு முழு காருக்கு இப்படி நூற்றுக்கணக்கான பார்ட்டுகள் வேண்டும். ஒவ்வொன்றும் பக்கத்துப் பார்ட்டோடு ஒத்துப்போக வேண்டும். பஸ் தொழிலில் பல ஆண்டுகள் எந்திரங்களோடு புழங்கியவருக்குத்தான் அப்படி ஒரு துணிச்சல் வரும்.

1937: லைசென்ஸ் கேட்காத காலம்

காருக்கு 15 வருஷம் முன்பே நாயுடு இதைவிடப் பெரிய ஒன்றைச் செய்து காட்டியிருந்தார். 1937இல் கோவை பீளமேட்டில் இருந்த அவருடைய தொழிற்சாலையிலிருந்து ஒரு மின்சார மோட்டார் வெளிவந்தது. இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டார் என்று அது அறியப்படுகிறது. இதில் அவரோடு சேர்ந்து உழைத்தவர் டி.பாலசுந்தரம் நாயுடு. பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கியவர் இவரே.

மோட்டார் ஏன் கோவையில் பிறந்தது? காரணம் ஊரிலேயே இருந்தது. கோவை மழை குறைவான பகுதி, கிணறுகள் ஆழமானவை. நீலகிரியில் பைக்காரா நீர்மின் திட்டம் 1932இல் தொடங்கியதும் கோவைப் பக்கம் மின்சாரம் வந்தது. பஞ்சாலைகளுக்கு மோட்டார் வேண்டும், கிணற்றிலிருந்து நீர் இறைக்கவும் மோட்டார் வேண்டும். வெளிநாட்டு மோட்டாருக்குக் காத்திருந்த இடத்தில் உள்ளூர் மோட்டார் வந்தது. வாங்க ஆள் ரெடியாக இருந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1937இல் ஒரு மோட்டாரைத் தயாரித்து விற்க டெல்லியில் தொழில் உரிமம் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. செய்ய முடிந்தால் செய்யலாம், விற்க முடிந்தால் விற்கலாம். அவ்வளவுதான்.

அதே வேகத்தில் மற்றவையும் வந்தன. பேட்டரியில் ஓடும் ராசன்ட் ஷேவர், மிக மெல்லிய ஷேவிங் பிளேடு, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, முறைகேடு செய்ய முடியாத ஓட்டுப்பதிவு எந்திரம். 1941இல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். எல்லாவற்றிலும் ஒரே எண்ணம்தான் ஓடியது. வெளியூர் பொருளைப் பிரித்துப் பார், இங்கே செய், விலையைக் குறை.

1952: என்ன மாறியது?

1951இல் நாடாளுமன்றம் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தை நிறைவேற்றியது. 1952 மே 8 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நாயுடுவின் கார் வந்ததும் அதே ஆண்டுதான். சட்டத்தின் அட்டவணையில் இருந்த தொழில்களில் புதிதாக இறங்க மத்திய அரசின் உரிமம் வேண்டும். மோட்டார் வாகனமும் அந்த அட்டவணையில் இருந்தது.

அரசுத் தரப்புக்கும் ஒரு நியாயம் இருந்தது. புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாட்டில் அந்நியச் செலாவணி குறைவு, எஃகு குறைவு. பல பேர் ஆளுக்குக் கொஞ்சம் கார் செய்தால் யாருக்கும் லாபம் வராது, இறக்குமதிச் செலவும் குறையாது. சில நிறுவனங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றைப் படிப்படியாக முழு உற்பத்திக்குக் கொண்டுவருவது என்பதே அன்றைய கொள்கை. 1953இல் வந்த சுங்கவரி ஆணையத்தின் அறிக்கையும் இதையே வலியுறுத்தியது. பாகங்களை இறக்குமதி செய்து இங்கே பூட்டி மட்டும் விற்றுவந்த ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அந்தக் காலகட்டத்தில் இந்தியாவை விட்டுப் போயின. கார் தயாரிப்பில் கல்கத்தாவின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்ட் என மூன்று பெயர்களே மிஞ்சின.

இன்னொரு தொழில்நுட்ப நியாயமும் உண்டு. ஒரு கார் செய்வது வேறு, பத்தாயிரம் கார் செய்வது வேறு. கையால் செய்யும்போது, பொருந்தாத இடத்தை அரத்தால் ராவிச் சரிசெய்துகொள்ளலாம். தொழிற்சாலையில் அது நடக்காது. எந்த காரின் பார்ட்டை எடுத்தாலும் எந்த காரிலும் பொருந்த வேண்டும். அதற்கு ஜிக், கேஜ், பெரிய பிரஸ் எல்லாம் வேண்டும். அதற்கு முதலீடு வேண்டும்.

இதெல்லாம் சரியான கேள்விகள்தான். ஆனா அவற்றுக்கு நாயுடு பதில் சொல்லும் வாய்ப்பே வரவில்லை. மோட்டார் விஷயத்தில் பதில் சொன்னது சந்தை. கார் விஷயத்தில் சந்தை வரை போகவே முடியவில்லை.

அதே வருஷம் லண்டனில்

ஒப்பீட்டுக்கு ஒரு உதாரணம். 1948இல் காலின் சாப்மேன் என்ற இளைஞர், பழைய ஆஸ்டின் செவன் காரை வைத்து, தோழியின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் ஒரு பந்தய கார் செய்தார். 1952இல் லண்டன் ஹார்ன்ஸியில், அப்பாவின் ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயத்தில் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். காரைப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால், முழு காருக்கான விற்பனை வரி அப்போது பிரிட்டனில் கிடையாது. லோட்டஸ் அப்படித்தான் கார் விற்று வளர்ந்தது. பிறகு ஃபார்முலா ஒன் சாம்பியன் ஆனது.

சாப்மேனுக்கு அப்போது வயது 20களில். நாயுடுவுக்கு 59. இருவரும் பட்டறையில் இருந்து கார் செய்தவர்கள். அங்கே விதி, சின்னப் பட்டறைக்கு ஒரு சந்து விட்டிருந்தது. இங்கே அந்தச் சந்து இல்லை.

உரிமம் மட்டுமே கார் ஆகிவிடாது என்பதற்கும் உதாரணம் உண்டு. 1970இல் சிறிய கார் தயாரிக்க சஞ்சய் காந்திக்கு அரசின் அனுமதிக் கடிதம் கிடைத்தது. அடுத்த ஆண்டு மாருதி மோட்டார்ஸ் தொடங்கப்பட்டது. அந்த நிறுவனத்திலிருந்து கார் சந்தைக்கு வராமலேயே போனது. மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். அது அரசு நிறுவனமாக மாறி, ஜப்பானின் சுசுகியோடு கைகோத்த பிறகு. நாயுடுவிடம் கார் இருந்தது, அனுமதி இல்லை. மாருதி மோட்டார்ஸிடம் அனுமதி இருந்தது, கார் வரவில்லை.

பாடியும் அம்பத்தூரும் வேறு ரூட்டில் போனது ஏன்?

சென்னையின் மேற்குப் பகுதி இதே காலத்தில்தான் தொழில் பகுதியாக மாறியது. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கப்பட்டது. பாடியில் 1960 முதல் 1962 வரையிலான மூன்று ஆண்டுகளுக்குள் வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் வந்தன. ஆவடியில் 1965இல் விஜயந்தா டாங்கி தயாரானது. அம்பத்தூர் தொழிற்பேட்டையும் 1960களில் உருவானதுதான்.

இவற்றுக்குள் ஒரு ஒற்றுமை உண்டு. பாடியில் வந்த நான்கு நிறுவனங்களுமே பிரிட்டிஷ் நிறுவனங்களின் கூட்டுடன் தொடங்கின. விஜயந்தாவும் பிரிட்டிஷ் விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புதான். டிராயிங் வெளிநாட்டிலிருந்து வரும், உரிமம் டெல்லியிலிருந்து வரும், உழைப்பு இங்கே இருக்கும். லைசென்ஸ் காலத்தில் நடைமுறைக்கு ஒத்துவந்த ரூட் இதுதான். சென்னை இன்றைக்கு வாகன நகரமாக இருப்பதற்கு இந்த ரூட் முக்கியக் காரணம்.

நாயுடுவின் ரூட் நேர் எதிர். டிராயிங் கிடையாது, வெளிநாட்டுப் பார்ட்னர் கிடையாது. பொருளைப் பிரித்துப் பார்த்து, தானே அளந்து, தானே செய்வது. அந்த ரூட்டில் பம்ப்செட்டும் மோட்டாரும் செய்யலாம், கோவை அதைச் செய்து காட்டியது. கார் செய்ய அந்த ரூட் அனுமதிக்கப்படவில்லை. பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் அம்பத்தூரின் சின்னப் பட்டறைகளில் இன்றும் கைத்திறமைக்குக் குறைவில்லை. ஆனா டிராயிங் எங்கிருந்தோ வருகிறது. நாயுடு ஆசைப்பட்டது டிராயிங்கும் இங்கேயே பிறக்க வேண்டும் என்பதற்கு.

ஆட்களைச் செய்தவர்

பொருள்களோடு ஆட்களையும் உருவாக்க அவர் முயன்றார். அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாயின. ஹோப் அன்றைய சென்னை மாகாண ஆளுநர். 1945இல் நாயுடுவே கல்லூரியின் முதல்வராக இருந்தார். ஆரம்பப் பள்ளியைத் தாண்டாத ஒருவர் எஞ்சினீயரிங் கல்லூரியின் முதல்வர்!

அங்கேயும் மோதல். நான்கு வருஷப் படிப்பு நேர விரயம், பட்டறையில் கற்றால் இரண்டு வருஷமே போதும் என்பது அவர் நிலைப்பாடு. அரசு ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டு விலகினார். அந்தக் கல்லூரி இன்றைக்கு ஜி.சி.டி. என்று அழைக்கப்படும் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

இன்றைக்கு ஒருவர் வீட்டில் கார் செய்தால்?

தொழில் உரிமம் இப்போது பிரச்சினை இல்லை. 1991இல் பெரும்பாலான தொழில்களுக்கும், 1993இல் பயணிகள் காருக்கும் உரிமக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. 2009இல் ஒரு லட்சம் ரூபாய் கார் என்ற அறிவிப்போடு டாடா நானோ வந்தபோது, யாரும் உரிமம் கேட்டு நிற்கவில்லை. நானோ எதிர்பார்த்த அளவுக்கு ஓடவில்லை என்பது வேறு கதை. ஆனா அதை முடிவு செய்தது வாங்குபவர்கள்.

இப்போதைய தடை வேறு, அதற்கான காரணமும் வேறு. புதிய மாடல் வாகனம் சாலைக்கு வர, மத்திய மோட்டார் வாகன விதி 126இன்படி அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தில் சான்று பெற வேண்டும். பிரேக், புகை, மோதல் பாதுகாப்பு எல்லாம் சோதிக்கப்படும். ஒரகடத்திலேயே அப்படி ஒரு மையம் இருக்கிறது. பெரிய நிறுவனத்துக்கு இது சாதாரணம். ஒரே ஒரு கார் செய்யும் தனிநபருக்குக் கட்டுப்படியாகாத செலவு. பழைய காரை மாற்றியமைப்பதற்கும் எல்லை உண்டு. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிரிட்டனில் வீட்டில் செய்த ஒற்றைக் காரைத் தனியாகச் சோதித்துச் சாலைக்கு அனுமதிக்கும் முறை இருக்கிறது. இங்கே கைப்பட கார் செய்பவர்களுக்குச் சட்டப்படி வசதியான இடம் பந்தயத் தளம்தான். பூந்தமல்லியைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் இருக்கும் தளத்தில் ஓடும் பந்தய கார்களுக்குச் சாலைப் பதிவு தேவையில்லை.

மிஞ்சியது என்ன?

1967இல் கோவையில் தன் பெயரில் ஒரு தொழில் கண்காட்சியை நாயுடு தொடங்கினார். 1974 ஜனவரி 4 அன்று, 80 வயதில் இறந்தார். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் செய்த பழைய கார்களைப் பார்க்க, அவினாசி சாலையில் அவர் குடும்பத்தினர் 2015இல் திறந்த ஜீடி கார் மியூசியத்துக்கு இன்றைக்கும் கூட்டம் வருகிறது.

அவர் செய்த இரண்டு பொருள்களின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். மோட்டார் வந்தபோது கேட்பவர் இல்லை, வாங்குபவர் இருந்தார்கள். இன்று நாடு முழுக்கக் கிணற்று மேட்டிலும் மொட்டை மாடித் தொட்டிக்கும் நீரேற்றும் பம்ப்செட்டுகளில் கோவை தயாரிப்புக்குத் தனி இடம் உண்டு. கார் வந்தபோது வாங்குபவர் முன்னால் வருவதற்குள் கேட்பவர் வந்துவிட்டார். இரண்டையும் செய்தது ஒரே கைதான்.